தனகோட்டிக்கு நான் செய்த வைத்தியம்

செஞ்சி வட்டாரத்தில் கிணற்று மோட்டார் வைத்திருக்கிறவர்களில் கௌஸ் பாஷா என்ற பெயரைக் கேள்விப்படாதவர் கிடையாது. அது நான்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு ஸ்பேனரும் ஓட்டைச் சைக்கிளும் வைத்துக்கொண்டு ஆரம்பித்து, இன்று திண்டிவனம் சாலையில் சொந்தக் கட்டடத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் தூக்க இரண்டு வண்டி என்று நிற்கிறேன். படித்த இன்ஜினியர்கள் கைவிட்ட மோட்டாரை நான் ஓட வைத்திருக்கிறேன். யார் தயவும் இல்லாமல் வந்தவன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன். அதில் ஒரு பெயரை மட்டும் விட்டுவிடுவேன். சிங்கவரம் தனகோட்டி.

அவனைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். போன புரட்டாசி மாதம் அவனை என் கையாலேயே சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அதை மறைத்துவிட்டு அவன் கதையை எழுதினால் அது கதையே இல்லை.

என்னிடம் வேலைக்கு வந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. பெற்ற நைனா செத்துப் போய், மூன்று தங்கச்சிகளை வைத்துக்கொண்டு வேர்க்கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். அப்போதெல்லாம் திறந்த கிணறுகள்தான். அறுபதடி ஆழத்தில் கயிற்றைப் பிடித்து இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்று, உறிஞ்சுகுழாயின் அடியிலிருக்கும் ஃபுட் வால்வைக் கழற்ற வேண்டும். பாம்பு இருக்கும், பாசி வழுக்கும். நான் மேலே நின்று கத்துவேன், அவன் கீழே செய்வான். இருபத்தாறு வருஷம் அப்படியே ஓடியது.

அவனிடம் ஒரு குணம் உண்டு. வலி என்று சொல்லவே மாட்டான். வல்லத்தில் ஒருமுறை மோட்டார் தூக்கும்போது செயினில் அவன் சுண்டுவிரல் மாட்டிக்கொண்டது. மோட்டார் மேலே வந்து பலகைமேல் உட்காரும்வரை பிடியை விடவில்லை. அப்புறம்தான் கையைக் காட்டி, "பாய், வெரலு நசுங்கிடுச்சி போலக்குது" என்றான். பாதி விரல் போயிருந்தது. இந்தச் சம்பவத்தை நான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வேன், என் ஆள் எப்படிப்பட்டவன் பார் என்று.

நாற்பத்திரண்டு வயதில் அவனுக்குச் சர்க்கரை வந்தது. ஆஸ்பத்திரி மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருந்தான். போன வருஷம் சீயமங்கலத்தில் ஒரு வேலை. வயல் ஓரமாக ஒதுங்கப் போனவன் வெகுநேரம் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால் வேப்பமரத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்து நிற்கிறான்.

"இன்னாடா?"

"ஒன்னுமில்ல பாய்."

"ஒன்னுமில்லாததுக்கா மரத்தைக் கட்டிப் புடிச்சிக்கினு நிக்கிற?"

கெஞ்சிக் கேட்டபிறகு சொன்னான். ஆறு மாதமாக முன்தோல் இறுகிப் போய், வெடித்து வெடித்துப் புண்ணாகிறதாம். ஒன்றுக்குப் போனால் மிளகாய்த்தூள் வைத்த மாதிரி எரிகிறதாம். ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறான். சர்க்கரைக்காரர்களுக்கு இப்படி ஆகும், தோலை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"உங்க ஆளுங்களுக்குச் செய்யறதுதானாம் பாய்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அட, சுன்னத்து! இதுக்கா ஆறு மாசம் பல்லைக் கடிச்சிக்கினு இருந்த?"

"உங்களுக்குச் சின்ன வயசுல முடிஞ்சிப் போச்சி. எனக்கு நாப்பத்தெட்டு. ஊர்ல தெரிஞ்சா இன்னா சொல்லுவானுங்க? தனகோட்டி பாயா மாறிட்டான், பிரியாணி எப்போன்னு கேப்பானுங்க. ஜெயக்கொடிகிட்டகூட நான் சொல்லல."

ஜெயக்கொடி அவன் மனைவி. கணவனிடம் சத்தம் போட்டுப் பேசுவாள், அவன் இல்லாத நேரத்தில் அவனை யாரும் ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டாள். அவளிடம் சொல்லிவிட்டுச் செய்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"யாருக்கும் தெரிய வேணாம். கடை மாடியில ரூமு இருக்குது. கிருஷ்ணகிரியில பத்து நாள் மோட்டார் வேலைன்னு வீட்டுல சொல்லிடு. ஆப்பரேசன் முடிஞ்சதும் நேரா அங்க வந்து படு. மிச்சத்தை என்கிட்ட விடு. எங்க சொந்தத்துல நாப்பது புள்ளைங்களுக்குப் பக்கத்துல நின்னு பார்த்தவன்டா நான்."

அது பொய்யில்லை. எங்கள் வீடுகளில் அந்தக் காலத்தில் ஆறு ஏழு வயதில் செய்துவிடுவார்கள். பையனை மல்லாக்கப் படுக்கவைத்து, உத்திரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கவிட்டு, புண்ணில் படாமல் வேட்டியைக் கூடாரம் மாதிரி தூக்கிக் கட்டுவார்கள். வெள்ளைத் துணியைச் சுட்ட சாம்பல் வைப்பார்கள். முட்டை, நெய், இனிப்பு என்று ஊட்டுவார்கள். ஏழாம் நாள் தண்ணி ஊற்றினால் பையன் தெருவில் ஓடுவான். என் பேரனுக்கு டாக்டரிடம்தான் செய்தோம், இருந்தாலும் பழைய முறை எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை காலையில் செஞ்சி அரசு ஆஸ்பத்திரியில் ஆப்பரேசன் முடிந்தது. அரை மணி நேர வேலை. டாக்டர் அன்புச்செல்வன் வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் கடைசி மகனைவிட இளையவர்.

"ஐயா, இவரு சர்க்கரைக்காரரு. கட்டை நீங்க பிரிக்காதீங்க. சனிக்கிழமை காலையில கண்டிப்பா கூட்டிட்டு வாங்க, நாங்களே பிரிச்சிப் பார்ப்போம். சர்க்கரை மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. ரத்தம் கசிஞ்சாலோ, வீக்கம் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒன்னுக்கு அடைச்சாலோ நேரம் பார்க்காம உடனே வரணும். புரிஞ்சுதா?"

"எங்களுக்குத் தெரியாததா சார்" என்றேன்.

மாடி அறையில் ஃபேன் கொக்கியிலிருந்து கயிறு தொங்கவிட்டேன். வேட்டியைத் தூக்கிக் கட்டினேன். தனகோட்டி படுத்தபடி அதைப் பார்த்துச் சிரித்தான். "எனக்குத் தொட்டில் கட்டறீங்களா பாய்?" என்று கேட்டான். என் மனைவி ரோஷன் பீயிடம் அவனுக்குத் தொடையில் அடி என்று சொல்லி, உடம்பு தேற நெய்யில் முட்டை, பேரீச்சம்பழம், ரவையும் சர்க்கரையும் போட்டுக் கிண்டியது எல்லாம் மூன்று வேளையும் கேட்டு வாங்கி வந்தேன். அவள் கைக்குச் சர்க்கரை தாராளம்.

மாத்திரைப் பையைப் பிரித்தால் ஒரு குவியல். புண்ணுக்கு, வலிக்கு, சர்க்கரைக்கு.

"இத்தினி மாத்திரை போட்டா வயிறு வெந்துடும். புண்ணு மாத்திரையை மட்டும் போடு. சர்க்கரை மாத்திரையை ஒரு வாரம் கழிச்சிப் பார்த்துக்கலாம்."

"டாக்டரு நிறுத்தக் கூடாதுன்னாரே பாய்?"

"அந்தப் புள்ளைக்கு வயசு எத்தினி, எனக்கு வயசு எத்தினி?"

அவன் புண்ணு மாத்திரையை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டான். நான் சொல்லி அவன் மறுத்ததே கிடையாது.

சனிக்கிழமை வல்லத்தில் முந்நூறு அடி போர் கிணறு ஒன்றில் மோட்டார் சிக்கிக்கொண்டது. அதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க எனக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் வந்து, வெந்நீரில் நனைத்து, கட்டை நானே பிரித்தேன். வெள்ளைத் துணியைச் சுட்டுத் தேங்காயெண்ணெயில் குழைத்து வைத்தேன். கொஞ்சம் வீங்கியிருந்தது. புண் என்றால் வீங்கத்தான் செய்யும் என்றேன்.

மறுநாள், "கொஞ்சம் எரியுது பாய்" என்றான்.

கொஞ்சம் எரிகிறது என்றான். பாதி விரல் போனபோது நசுங்கிடுச்சி போலக்குது என்று சொன்ன ஆள் அவன். அவன் வாயிலிருந்து கொஞ்சம் என்று வந்தால் அதற்கு எவ்வளவு அர்த்தம் என்று உலகத்தில் தெரிய வேண்டியவன் நான் ஒருவன்தான். "எரிஞ்சாத்தான் ஆறும்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை டிஃபன் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். கதவைத் திறந்ததும் ஒரு வாடை அடித்தது. தனகோட்டி சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தான். தொட்டால் உடம்பு கொதிக்கிறது.

"நேத்துலேர்ந்து ஒன்னுக்கு வரல பாய்."

வயிற்றில் கை வைத்தேன். குடம் மாதிரி கெட்டியாக இருந்தது. துணியை விலக்கினேன். நாற்பது பிள்ளைகளைப் பார்த்த நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வீக்கத்தில் அடையாளமே தெரியவில்லை. தையல் ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கறுத்திருந்தது.

"பாய், ஜெயக்கொடிக்குச் சொல்லாதீங்க" என்றான். அந்த நிலையிலும் அவனுக்கு அதுதான் கவலை.

தோளில் தாங்கி இறக்கி, மோட்டார் தூக்கும் வண்டியிலேயே முன்னால் உட்காரவைத்து ஓட்டினேன். காலாண்டு லீவு. கோட்டையைப் பார்க்க வந்த வேன்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. ஹாரனை விடாமல் அழுத்தினேன். எவனோ ஒருவன், "யோவ் பெருசு, வானத்துல பறந்து போறதுதானே!" என்று கத்தினான். பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது தனகோட்டி, "அம்மா!" என்றான். இருபத்தாறு வருஷத்தில் அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மகாலட்சுமி விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். நானூற்று அறுபத்திரண்டு. டாக்டர் அன்புச்செல்வன் ஓடி வந்தார். முதலில் ட்யூப் போட்டு நீரை வெளியேற்றினார்கள். பை நிறைய நிறைய அவன் முகம் கொஞ்சம் தளர்ந்தது. அப்புறம் டாக்டர் புண்ணைப் பார்த்தார்.

"சனிக்கிழமை ஏன் வரல?"

"நான்தான் சார் வரல" என்றான் தனகோட்டி.

"கட்டை யாரு பிரிச்சது? இது இன்னா, சாம்பலா?"

"நானேதான் சார். நானே பிரிச்சேன், நானே வெச்சேன்."

"சர்க்கரை மாத்திரை?"

"தவறாம போடறேன் சார்."

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "மாத்திரை ஒழுங்கா போட்டும் இவ்வளவு ஏறியிருக்குதுன்னா உள்ளே எங்கயோ பெரிய கோளாறு இருக்கணும்" என்று நர்ஸிடம் சொல்லி, வேறு வேறு பரிசோதனைகளை அடுக்க ஆரம்பித்தார்.

நான் வாசல்படியில் நின்றிருந்தேன். தனகோட்டி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே சொன்னான். என் மானத்தைக் காப்பாற்றுகிறான். அந்த வார்டில் நாலு பேராவது என்னைத் தெரிந்தவர்கள். மகாலட்சுமியின் நைனா கிணற்றுக்கு நான்தான் மோட்டார் இறக்கினேன். சொன்னால் சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கப் பேசும். கௌஸ் பாஷா வைத்தியம் பார்த்து ஆளைக் கெடுத்தான் என்று. சொல்லாவிட்டால், டாக்டர் இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருப்பார், அந்தக் கறுப்பு ஏறிக்கொண்டிருக்கும்.

கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு வாக்கியம் வெளியே வரப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"சார், அவன் பொய் சொல்றான். எல்லாம் நான் செஞ்சது."

எல்லாவற்றையும் சொன்னேன். கட்டு, சாம்பல், எண்ணெய், நெய், ரவை, நிறுத்திய மாத்திரை, போகாத சனிக்கிழமை. வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

"எத்தனை நாளா சர்க்கரை மாத்திரை இல்ல?"

"அஞ்சு நாளு."

"சரி. இப்ப புரியுது. சின்னப் பசங்க உடம்பு வேற ஐயா. இவரு உடம்புல சர்க்கரை ஏறினா புண்ணு ஆறாது, அழுகும். விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே அனுப்பறேன். செத்த தோலை இன்னிக்கே வெட்டிச் சுத்தம் பண்ணணும். வீட்டுக்காரம்மாவ வரச் சொல்லுங்க, கையெழுத்து வேணும்."

"கறுப்பு இன்னும் ஏறினா சார்?"

அவர் என்னை வெளியே கூட்டிப் போய்ச் சொன்னார். "ஏறினா, உறுப்பைப் பார்க்க முடியாது, உயிரைத்தான் பார்க்கணும்."

ஜெயக்கொடிக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்க பாய். கிருஷ்ணகிரியில மழையா? அவரு போனையே எடுக்க மாட்டன்றாரு."

"ஜெயக்கொடி, அவன் கிருஷ்ணகிரியில இல்ல. செஞ்சி ஆஸ்பத்திரியில இருக்கான். நீ உடனே வா."

"உசுரு இருக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

இருபது நிமிஷத்தில் யாரோ ஒருவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினாள். களை எடுத்த மண் கையிலேயே இருந்தது. டாக்டர் விளக்கிச் சொன்னார். கையெழுத்துப் போட்டாள். 108 வண்டியில் அவனுக்கு ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நான். அனந்தபுரம் தாண்டியது. அப்புறம் அவன் காதுக்குக் குனிந்து, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஏய்யா, எனக்குத் தெரியாத எடமா அது? என்கிட்ட மறைச்சிட்டு பாய்கிட்ட காட்டினியா?"

வண்டியிலிருந்த ஊழியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தனகோட்டி கண்ணை மூடிக்கொண்டே, "வெக்கமா இருந்துச்சிடி" என்றான்.

"சாவறதுக்கு வெக்கமா இல்லியா?"

பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க பெரிய ஆளு பாய். எங்க குடும்பத்துக்குச் சோறு போட்டவரு. ஆனா நீங்க டாக்டரு இல்ல." அவ்வளவுதான் சொன்னாள். எழுபது வயதில் அதைவிடக் கடினமான வார்த்தையை நான் கேட்டதில்லை.

அன்றைக்கு மத்தியானமே விழுப்புரத்தில் ஆப்பரேசன் அறைக்குள் கொண்டுபோனார்கள். புதன்கிழமை மறுபடியும். இன்சுலின் ஊசி, சொட்டு மருந்து, ஒரு நாளைக்கு இரண்டு தடவை கட்டு. ஒவ்வொரு காலையும் கட்டுப் பிரிக்கும்போது ஜெயக்கொடி திரைக்கு உள்ளே, நான் வெளியே. "இன்னிக்கு எப்படி?" என்று கேட்பேன். முதல் மூன்று நாள் அவள் பழைய கட்டுத் துணியை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விட்டாள். நாலாம் நாள், "கறுப்பு நின்னுடுச்சாம்" என்றாள்.

நான் கடையைப் பூட்டினேன். ரத்தப் பரிசோதனைக் காகிதம் வாங்குவது, மருந்து வரிசையில் நிற்பது, அவளுக்குச் சாப்பாடு வாங்கி வருவது எல்லாம் என் வேலை. எத்தனையோ பேரை வரிசையில் நிற்க வைத்தவன் வரிசையில் நின்றேன். கட்டுப் போடும் முறையை நர்ஸிடம் ஜெயக்கொடி கற்றுக்கொண்டாள். கையை எப்படிக் கழுவுவது, பஞ்சை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் துடைப்பது, ஊசி எந்த நேரம். நான் எட்டிப் பார்த்தால் திரையை இழுத்து மூடினாள்.

ஊருக்கும் தெரிந்துவிட்டது. பார்க்க வந்த பங்காளி ஒருவன் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"இன்னா தனகோட்டி, பேரு எப்ப மாத்தற?"

"உனக்கும் சர்க்கரைதானே மாமா?" என்றாள் ஜெயக்கொடி. "எரியுதான்னு பார்த்துக்கோ. எரிஞ்சா மறைக்காம டாக்டர்கிட்ட காட்டு. இவரு மாதிரி மாடியில போய்ப் படுக்காத."

அவன் சிரிப்பு நின்றது. கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எந்தக் கிழமையில் காட்ட வேண்டும் என்று கேட்டான். எனக்குத் தெரியாது, ஆஸ்பத்திரியில் போய்க் கேள் என்றேன்.

பதினாறாம் நாள் காலை. புண் சிவந்து நன்றாக ஆறி வந்தது. தோல் கொஞ்சம் போனது போனதுதான், உறுப்பு தப்பியது. மிச்சமிருந்தது அந்த ட்யூப். அந்த வார்டைப் பார்க்கிற டாக்டரம்மா வந்து அதை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"நல்லா தண்ணி குடிங்க. நாலு மணி நேரம் பார்ப்போம். தானா போகணும். போகலன்னா புண்ணுனால வழி சுருங்கியிருக்குதுன்னு அர்த்தம். வயித்துல ஓட்டை போட்டு ட்யூப் வைக்கணும், அப்புறம் இன்னொரு ஆப்பரேசன்." அங்கிருந்த நர்ஸ் அவன் கையில் ஒரு அளவுக் குவளையைக் கொடுத்தாள்.

தனகோட்டி ஒரு பாட்டில் தண்ணீர் குடித்தான். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே போனான். தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தான். மறுபடி குடித்தான். மறுபடி போனான். ஒன்றுமில்லை. பதினொன்றரை மணிக்கு வயிறு இறுக ஆரம்பித்தது. நெற்றியில் வேர்வை.

"வலிக்குதாய்யா?" என்றாள் ஜெயக்கொடி.

அவன் வழக்கம்போல இல்லை என்று தலையாட்டப் போனான். என்னைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"வலிக்குது" என்றான். "ரொம்ப வலிக்குது. பயமா இருக்குது."

நான் நர்ஸைக் கூப்பிட ஓடினேன். அவள் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் அரை மணி நேரம் பார்க்கலாம். முக்காதீங்க, மூச்சை விட்டுட்டு நில்லுங்க. வெந்நீரைத் தொடையில ஊத்திக்குங்க" என்றாள். ஜெயக்கொடி வெந்நீர் வாங்கி வந்தாள். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். நாங்கள் இரண்டு பேரும் கதவுக்கு வெளியே நின்றோம். வார்டில் யாரோ செல்போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் நிறுத்தினார்.

ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீர் ஊற்றும் சத்தம். மறுபடி ஒன்றுமில்லை. நான் மனசுக்குள் ஓதிக்கொண்டிருந்தேன். ஜெயக்கொடி தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு குவளையில் சொட்டு விழுகிற சத்தம். ஒன்று. இரண்டு. நின்றது. மறுபடி விழுந்தது, விட்டு விட்டு, அப்புறம் விடாமல்.

"வருதாய்யா?" என்று ஜெயக்கொடி கதவில் வாயை வைத்துக் கத்தினாள்.

"பேசாம இருடி, நின்னுடப் போவுது!" என்று உள்ளேயிருந்து அவன் கத்தினான்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தனகோட்டி குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டி வெளியே வந்தான். நர்ஸ் அளவு பார்த்தாள். இருநூற்றெண்பது மில்லி. "ட்யூப் வேணாம். நாளைக்கு வீட்டுக்குப் போலாம்" என்றாள். வீட்டில் தினம் கட்டு மாற்றணும், இரண்டு மாதத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது, சேர்ந்து படுக்கக் கூடாது, வாரா வாரம் செஞ்சி ஆஸ்பத்திரியில் காட்டணும், சர்க்கரை ஏறக் கூடாது என்று வரிசையாகச் சொன்னாள். ஜெயக்கொடி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரி பார்த்தாள். கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"பாய், செவ்வாய்க்கிழமை காலையில ஒம்பது மணிக்குக் காட்டணும். வண்டி எடுத்துக்கினு வர்றீங்களா?"

"வர்றேன்மா."

"அன்னிக்கு எங்கனா போருல மோட்டார் மாட்டிக்கிச்சின்னா?"

"மாட்டிக்கினு கெடக்கட்டும்" என்றேன்.